வாடியில் நின்ற பெடியள்

அதே கேள்வி மறுபடியும் வந்திருந்தது. இந்தத் தடவை சிவப்பு எழுத்தில்.

"சாட்சி குறிப்பிடும் முகாம் எந்தப் படையணியைச் சேர்ந்தது? அங்கே நின்ற பையன்களின் பொறுப்பு என்ன? மொழிபெயர்ப்பாளர் தெளிவுபடுத்தவும்."

வெண்ணிலா லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். பக்கத்திலிருந்த டம்ளர் சாய்ந்து, ஆறிப்போன டீ மொட்டைமாடித் தரையில் ஓடியது.

"இன்னாமே உடைச்ச?" கீழேயிருந்து ஜமுனாவின் குரல் வந்தது. ஜமுனா அவளுடைய புருஷனின் அக்கா. இறால் ஏலம் எடுத்துப் பொன்னேரிக்கு அனுப்புகிறவள். ஏலத்தில் கத்திக் கத்தி, வீட்டிலும் அதே குரல்தான்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. டீ கொட்டிக்கிச்சு."

"மாடிக்குப் போனாலே ஒனக்குக் கோவம் வருது. அப்டி இன்னாதான் வேல அது?"

அதைத்தான் வெண்ணிலாவால் சொல்ல முடியாது. வேலையில் சேரும்போதே, கேட்பது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அவள் சொல்லாததால் குப்பத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆன்லைனில் ஜோசியம் பார்க்கிறாள் என்று ஒரு பேச்சு. லோன் கட்டாதவர்களைப் போனில் மிரட்டுகிற வேலை என்று இன்னொரு பேச்சு. ஜமுனா இரண்டாவதைத்தான் நம்பினாள்.

வெண்ணிலா பொன்னேரி காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு மீஞ்சூரில் ஒரு கம்பெனி ஆபீசில் இருந்தாள். கல்யாணமாகிப் பழவேற்காட்டுக்கு வந்தபிறகு பஸ்ஸும் டிரெயினும் ஒத்துவரவில்லை. சென்னையில் ஒரு மொழிபெயர்ப்பு ஏஜென்சிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினாள். மருந்துச் சீட்டு, விளம்பரம், செல்போன் கையேடு என்று போய்க்கொண்டிருந்த வேலை, போன வருஷம் திசை மாறியது. போர்களில் மாட்டிக்கொண்ட சாதாரண ஜனங்களின் வாக்குமூலங்களைச் சேகரிக்கும் ஒரு வெளிநாட்டு அமைப்பு அந்த ஏஜென்சிக்கு வேலை கொடுத்தது. இலங்கையின் கடைசிப் போரில் பிழைத்து, இப்போது பல நாடுகளில் வாழ்கிறவர்கள் பேசிய ஒலிப்பதிவுகள். கேட்டு, இங்கிலீஷில் எழுத வேண்டும். என்றைக்காவது ஒரு நீதிமன்றம் கேட்டால் எடுத்துக் கொடுக்க.

முதலில் ஒரு மென்பொருளை விட்டுத்தான் செய்து பார்த்தார்கள். ஒரு அம்மா "நாங்கள் வாடியிலே இருந்தனாங்கள்" என்று சொன்னதை அது "நாங்கள் 'வாடி பெண்ணே' என்பதில் இருந்தோம்" என்று எழுதிவைத்தது. அதற்குப் பிறகுதான் வெண்ணிலாவைத் தேடி வந்தார்கள்.

அந்த அம்மாதான் இப்போதைய தலைவலி.

அவர் சொன்னது நேரான விஷயம். சண்டை நெருங்க நெருங்க ஊர் ஊராக ஓடிக் கடைசியில் கடற்கரைக்கு வந்துவிட்டார்கள். மச்சானுக்கு அங்கே ஒரு வாடி இருந்தது. மீன் சீசனில் ஆட்கள் தங்கவும், வலையும் மீனும் வைக்கவும் மணலில் ஓலையால் போட்ட கொட்டகை. அதில் தங்கினார்கள். "ஷெல் வந்து விழேக்க பெடியள் வாடியிலே நிண்டவங்கள்." அந்த ஒரே வாக்கியத்துக்குப் பிறகு பதிவில் அழுகைதான்.

வெண்ணிலா இங்கிலீஷில் வாடியை 'மீன்பிடி முகாம்' என்று எழுதினாள். பெடியள் என்பதைப் 'பையன்கள்' என்று எழுதினாள். சுருக்கம் எழுதிய யாரோ ஒருவர் இடத்தை மிச்சம் பிடிக்க 'மீன்பிடி'யை வெட்டிவிட்டார். முகாம் மட்டும் நின்றது. அந்தப் போரைப் பற்றி இங்கிலீஷில் எழுதப்பட்ட புத்தகங்களிலெல்லாம் 'பையன்கள்' என்றால் இயக்கத்தில் சேர்ந்து ஆயுதம் தூக்கியவர்கள் என்று அர்த்தம். ஆக, எங்கோ குளிர் நாட்டில் உட்கார்ந்து படித்த வழக்கறிஞருக்கு, போராளிகள் தங்கள் முகாமில் நின்றபோது குண்டு விழுந்தது என்று கதை மாறிவிட்டது. பொதுமக்கள் மீதான தாக்குதல்கள் என்ற பகுதியிலிருந்து அந்தச் சம்பவத்தை எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டிருந்தார்.

வெண்ணிலா அன்றே விளக்கி எழுதினாள். வாடி என்றால் மீனவர் கொட்டகை. பெடியள் என்றால் இங்கே அந்த அம்மாவின் பிள்ளைகள். பதில் வந்தது: நன்றி, ஆனால் சாட்சி அப்படிச் சொல்லவில்லையே? மறுபடி எழுதினாள். மறுபடி நன்றி. இப்போது சிவப்பு எழுத்து.

ஏஜென்சியில் இந்த வேலையைக் கவனிக்கும் ஹரிஹரனுக்குப் போன் போட்டாள்.

"சார், நான் எழுதறத அவங்க படிக்கறாங்களா இல்லையா?"

"படிக்கறாங்க மேடம். நீங்க சொல்றது சரின்னுதான் அந்த லாயரும் நினைக்கறாங்க. ஆனா நீங்க சாட்சி இல்லையே. மொழிபெயர்ப்பாளர் சொன்னார்னு ஃபைல்ல எழுத முடியாதாம்."

"பெத்தவ 'பெடியள்'னு அழுவறா. யாரோட பசங்கன்னு அதக் கேட்டாலே தெரியுமே சார்."

"அழறத டைப் பண்ண முடியாதே மேடம்."

வெண்ணிலாவுக்குச் சுருக்கென்றது. ஹரிஹரன் கிண்டல் செய்யவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான் என்பது புரிந்தும் கோபம் குறையவில்லை.

"ஆரம்பத்துல ஒரு டிரெயினிங் குடுத்தீங்களே, அதுல இன்னா சொன்னாங்க? ஒருத்தர் பொதுமக்களா போராளியான்னு சந்தேகமா இருந்தா பொதுமக்கள்னுதான் வச்சுக்கணும். உலகம் பூரா ஒத்துக்கிட்ட சட்டம்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு சார் இந்தக் கேள்வி?"

"அதையும் கேட்டுட்டேன் மேடம். அந்த ரூல் குண்டு போடறவனுக்காம். போடறதுக்கு முன்னாடி சந்தேகம் வந்தா அவன் போடக் கூடாது. ஆனா கேஸ்னு வந்துட்டா, செத்தவங்க பொதுமக்கள்தான்னு நிரூபிக்க வேண்டியது கேஸ் போடறவங்க பொறுப்பு. அங்க சந்தேகம் வந்தா எதிராளிக்குத்தான் சாதகம்."

மாடியிலிருந்து பார்த்தால் ஏரி தெரிந்தது. முகத்துவாரம் பக்கம் போட்டுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"அதாவது, சுடறப்போ அவங்க ஜனங்க. செத்து இத்தினி வருஷம் கழிச்சு அவங்க ஜனங்கதான்னு பெத்தவ வந்து நிரூபிக்கணும்."

"நான் சட்டம் எழுதல மேடம்."

"தெரியும் சார்."

"ஒரே வழிதான். சாட்சியோட நேரா ஒரு கால். லாயரும் இருப்பாங்க. நீங்கதான் நடுவுல பேசணும். ஞாயித்துக்கிழமை நாலு மணி. சத்தமில்லாத இடமா பாத்துக்குங்க. பதிவு பண்ணுவாங்க."

சத்தமில்லாத இடம். ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, கூழ் வார்க்கும் நாள். வெண்ணிலாவுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு அல்ல.

ஞாயிறு விடிவதற்கு முன்பே அம்மன் கோயில் ரேடியோ செட் தொடங்கிவிட்டது. குழாய் ஒன்று அவர்கள் வீட்டு எதிர்க்கம்பத்திலேயே கட்டப்பட்டிருந்தது. மாடியில் நின்றால் பாட்டு காதில் விழவில்லை, மண்டைக்குள் அடித்தது. மத்தியானம் அவள் கோயிலுக்குப் போய் ரேடியோ செட் உதயகுமாரைப் பிடித்தாள்.

"அண்ணா, நாலு மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் எங்க வூட்டுப் பக்கத்துக் குழாய மட்டும் நிறுத்துண்ணா."

"இன்னாத்துக்கு?"

"ஒரு முக்கியமான போன்."

"யாரு கூட?"

அதை அவள் சொல்லக் கூடாது. உதயகுமார் கூழ்க் குண்டானைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கைகாட்டினான். "இத்தினி பேரு சாமிக்கு வந்திருக்காங்க. ஒரு போனுக்கோசரம் நிறுத்தினா என்ன உடுவாங்களா? லோன்காரன் கிட்ட நாளைக்குப் பேசிக்கோம்மா."

ஜமுனா சொல்லிவைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. வெண்ணிலா திரும்பி நடந்தாள். பக்கத்துத் தெருவில் ஐஸ் உடைக்கிற மிஷின். அதற்கு அடுத்த தெருவில் மசூதி கட்டிட வேலை. கடற்கரைக்குப் போனால் காற்று, மைக்கில் காற்றைத் தவிர வேறெதுவும் கேட்காது.

தனசேகர் வாசலில் உட்கார்ந்து இஞ்சினைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏரிக்குப் போலாமா?" என்றான்.

"விளையாடாத. நானே பேஜார்ல இருக்கேன்."

"விளையாடல. நடு ஏரில டவர் நல்லா கெடைக்கும். நாங்க தெனம் அங்கேர்ந்துதான் பேசறோம். பாட்டுச் சத்தம் வராது."

"நீ கூட இருக்கக் கூடாது. கேக்கக் கூடாது."

"நான் எறங்கிக்கிறேன். இடுப்பளவு தண்ணிதான்."

அப்படித்தான் நாலு மணிக்கு வெண்ணிலா ஏரியின் நடுவில், போட்டின் பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் போன், காதில் ஹெட்செட், முட்டியில் எழுதுகிற அட்டை. தனசேகர் கோலை ஊன்றிப் போட்டைக் கட்டினான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கூப்பிட்டால் கேட்காத தூரத்துக்கு நடந்து போனான். போனவன் சும்மா நிற்கவில்லை. குனிந்து சேற்றைத் தடவி நண்டு தேடத் தொடங்கினான்.

அந்த அம்மாவின் குரல், பதிவில் கேட்டதைவிடச் சத்தமாக இருந்தது.

"யார் பிள்ளை கதைக்கிறது? நீயும் புது ஆளோ?"

"வணக்கம்க்கா. நான்தான் உங்க பேச்ச மொழிபெயர்த்தேன். வக்கீல் அம்மா சில கேள்வி கேக்கணுமாம்."

"இன்னும் என்ன கேள்வி? எத்தினை தரம் சொல்லுறது? முதல் ஒரு ஆணைக்குழு வந்தது. அவைக்குச் சொன்னனான். பிறகு பேப்பர்க்காரர். பிறகு வேற ஒரு சங்கம். பிறகு நீங்கள். எல்லாரும் எழுதிக்கொண்டு போறீனம், பிறகு வந்து திருப்பியும் முதல்ல இருந்து கேக்கிறீனம். என்ர பிள்ளையள் எத்தினை தரம் சாகிறது?"

வெண்ணிலா அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். மறுமுனையில் வழக்கறிஞர் மன்னிப்புக் கேட்டார். குரல் இளையதாக இருந்தது. இவ்வளவு நாளும் ஒரு கிழவியைக் கற்பனை செய்து திட்டிக்கொண்டிருந்தது வெண்ணிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு வழக்கறிஞர் கேள்விக்கு வந்தார். அந்த முகாமை விவரிக்க முடியுமா?

வெண்ணிலா 'முகாம்' என்று சொல்லவில்லை. "அக்கா, அந்த வாடி எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க."

"வாடி எண்டால் வாடிதான். அதில என்ன விளங்கேல்லை?"

"அவங்க ஊர்ல அது கெடையாதுக்கா."

"உனக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

அப்போது ஒரு சிற்றலை போட்டின் பக்கத்தில் தட்டியது. அந்த அம்மா சட்டென்று நிறுத்தினார்.

"தண்ணிச் சத்தம் கேக்குது. நீ எங்க இருக்கிறாய்?"

"ஏரில, போட்ல இருக்கேன்க்கா. ஊர்ல கோயில் திருவிழா, ஒரே சத்தம். வூட்டுக்காரரு இங்க கொண்டாந்து உட்டாரு."

"நீயும் கடல் ஆக்களோ?"

"ஆமாக்கா. பழவேற்காடு. மீன்பிடிதான்."

"அப்ப பிறகென்ன, நீயே சொல்லு அவைக்கு."

"நான் சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் ஒங்களக் கூப்புட்டது. எனக்கும் வெறுத்துப்போச்சுக்கா."

வழக்கறிஞர் குறுக்கிட்டார். என்ன பேசிக்கொள்கிறீர்கள், எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டும் என்றார். வெண்ணிலா எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள், தனக்கு வெறுத்துப்போனது உட்பட. வழக்கறிஞர் "சரி" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அந்த அம்மா வழக்கறிஞருக்காகப் பேசவில்லை, வெண்ணிலாவிடம் பேசினார். பனை ஓலையும் தென்னங்கிடுகும் போட்ட கொட்டில். நாலு பக்கமும் சாக்குத் தொங்கும். உள்ளே ஒரு மூலையில் வலை, ஒரு மூலையில் உப்புப் போட்ட மீன் பீப்பாய். அந்த மாதங்களில் பீப்பாயில் மீன் கிடையாது, உடுப்புத்தான் வைத்திருந்தார்கள். சமைக்க எதுவும் இல்லாததால் விடியும் முன்பே பெடியள் கரையோரம் வலை போட்டுக் கிடைத்ததைக் கொண்டு வருவார்கள். அன்றைக்கும் போட்டுவிட்டு வந்து, மூத்தவன் வாடி வாசலில் நின்று வலையில் பாசி எடுத்துக்கொண்டிருந்தான். தங்கச்சியின் மகன் பக்கத்தில் நின்றான். இளையவன் உள்ளே இருந்தான்.

"மூத்தவரும் உறவுப் பையனும் வெளியே. இளையவர் ஏன் உள்ளே?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

அந்த அம்மா அதே வேகத்தில், அதே சலிப்பில் சொன்னார்:

"அவனை ஒளிச்சு வச்சிருந்தம். அவனை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. தலைமயிரையும் வெட்டிப்போட்டுது. ஒரு கிழமை நிண்டவன், ஓடி வந்திட்டான். கண்டால் திரும்பப் பிடிப்பினம் எண்டு வெளியில விடேல்லை."

வெண்ணிலாவின் பேனா அட்டையில் நின்றது.

அவளுக்கு விளங்கியது. இத்தனை நாள் அவள் கரடியாய்க் கத்தியது ஒரே விஷயத்துக்காக. வாடியில் நின்றவர்கள் போராளிகள் இல்லை. இப்போது பெற்றவளே, ஒருத்தன் அங்கேயிருந்து வந்தவன் என்று சொல்லிவிட்டார். இதை இங்கிலீஷில் சொன்னால் மறுபடி சிவப்பு எழுத்து. சம்பவமே பட்டியலிலிருந்து போய்விடலாம். வழக்கறிஞருக்குத் தமிழ் தெரியாது. இளையவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான் என்று சொன்னால் போதும். பதிவைப் பிறகு கேட்டு மொழிபெயர்க்கப் போவதும் அவளேதான்.

"மொழிபெயர்ப்பாளர்?" என்றார் வழக்கறிஞர்.

வெண்ணிலா தமிழில்தான் பேசினாள். "அக்கா, இத சொல்லணுமா? இத வச்சு மத்தவங்களையும் சேத்து அந்தக் கணக்குல தள்ளிடுவாங்களோன்னு பயமா கீதுக்கா."

"என்ன, சொல்லணுமோ எண்டு கேக்கிறியோ?" அந்த அம்மாவின் குரல் ஏறியது. "நீயும் வெட்டப் போறியோ? ஆணைக்குழுவுக்கு இதைச் சொன்னனான், அவை ஷெல்லை விட்டுட்டு இதை மட்டும் எழுதினவை. சங்கத்துக்குச் சொன்னனான், அவை ஷெல்லை எழுதிப்போட்டு இதை விட்டுட்டினம். இயக்கத்தைப் பற்றி எழுதினால் வழக்கு மெலிஞ்சு போமாம். ஆளாளுக்கு அரைவாசி. முழுசா எழுத ஒருத்தரும் இல்லை. நான் சொன்னதைச் சொல்லு பிள்ளை. ஒரு சொல்லும் விடாமச் சொல்லு."

வெண்ணிலாவுக்கு முகம் சூடேறியது. கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. தன்னை அந்தச் சங்கத்தோடு சேர்த்துப் பேசிய அம்மாவின் மேலா, அப்படிச் சேர்க்கும்படி நடந்துகொண்ட தன்மேலா? அவள் சொன்னாள். ஒளித்துவைத்தது, பிடித்துப்போனது, தலைமயிர் வெட்டியது, ஒரு வாரத்தில் ஓடி வந்தது. பிறகு, தான் இதை விட்டுவிடலாமா என்று சாட்சியைக் கேட்டதையும் அதற்கு அவர் சொன்னதையும் சொன்னாள்.

வழக்கறிஞர் திட்டவில்லை. "அவருக்கு என்ன வயது?" என்று மட்டும் கேட்டார்.

"பதினாலு முடிஞ்சு மூண்டு மாசம்."

"அன்று அவரிடம் ஆயுதம் இருந்ததா? சீருடை?"

"ஓடி வந்தவன் துவக்கோட வருவானோ? எல்லாத்தையும் போட்டுட்டுத்தான் ஓடி வந்தவன். தமையன்ர சாரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தவன். அது அவனுக்குப் பெரிசு. இறுக்கி முடிஞ்சு விட்டிருந்தன்."

சாரம் என்றால் லுங்கி. வெண்ணிலா அதைச் சொல்லிவிட்டு, பெரிசு, இறுக்கி முடிந்தது என்பதையும் சொன்னாள். கேள்விக்குத் தேவையில்லாத விவரம். இருந்தாலும் சொன்னாள்.

வழக்கறிஞர் மெதுவாகப் பேசினார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி. இளையவர் அங்கிருந்து விலகி வந்துவிட்டவர். சண்டையில் பங்கெடுக்கவில்லை. அன்று அந்த இடத்தில் அவரும் மற்றவர்களைப் போலப் பொதுமக்களில் ஒருவர்தான். ஒருவேளை அப்படி இல்லாதவர் ஒருவர் அங்கே இருந்திருந்தாலும், அதனால் சுற்றியிருந்த குடும்பம் பொதுமக்கள் இல்லை என்று ஆகிவிடாது. அந்த வயதுப் பிள்ளையைப் பிடித்துப் படையில் சேர்த்தது தனியாக ஒரு குற்றம். அதையும் எழுத வேண்டும்.

வெண்ணிலா இதைத் தமிழில் சொல்லி முடித்தபோது அந்த அம்மா கேட்டார்: "அப்ப ரெண்டு பக்கத்தையும் எழுதுவினமோ?"

"எழுதுவாங்களாம்."

"இதை முதலே கேட்டிருக்கலாமே. ஏன் இவ்வளவு காலம்?"

வெண்ணிலா இதையும் மொழிபெயர்த்தாள். வழக்கறிஞர் இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். அந்த அம்மா இரண்டு மகன்களின் பெயரையும் சொல்லி, எழுத்துக்கூட்டியும் சொன்னார். தங்கச்சியின் மகன் பிழைத்தவன். ஒரு கால் இல்லை. ஏதோ ஒரு ஊரில் டாக்ஸி ஓட்டுகிறான். அவனையும் கேளுங்கள், ஆனால் ஒரு தரம் மட்டும் கேளுங்கள் என்றார். லைன் துண்டிக்கப்படுவதற்கு முன் "பிள்ளை, கவனமாய்க் கரைக்குப் போ" என்றது காதில் விழுந்தது.

தனசேகர் திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு பெரிய நண்டு, கொடுக்கைச் சேர்த்துப் பிடித்திருந்தான். போட்டைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றான்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சண்டையா? அங்கேர்ந்து பாத்தேன், கைய கைய ஆட்டிப் பேசிங்கிருந்த."

"ஒண்ணும் கேக்காத. கேட்டேன்னா அழுதுடுவேன். அப்புறம் இன்னாத்துக்கு அழுவறேன்னு சொல்லவும் முடியாது."

அவன் கேட்கவில்லை. நண்டைக் கூடையில் போட்டு மூடிவிட்டு ஏறிக் கோலைப் பிடுங்கினான்.

திருத்திய பக்கம் அடுத்த வாரம் வந்தது. முகாம் போய், 'கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்தின் ஓலைக் கொட்டகை' வந்திருந்தது. பையன்கள் போய், 'சாட்சியின் இரண்டு மகன்களும் தங்கை மகனும்' வந்திருந்தது. பெயர்கள் இருந்தன. சம்பவம் பொதுமக்கள் பகுதியிலேயே நின்றது. பிடித்துப்போன விஷயம் வேறொரு பகுதியில் தனியாக எழுதப்பட்டிருந்தது. படித்துவிட்டு வெண்ணிலாவுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சரிசெய்ய இவ்வளவு என்றால், இந்த வருஷம் முழுக்க அவள் மொழிபெயர்த்த மற்றவர்களின் பேச்சில் எத்தனை இடத்தில் பெடியள் இருக்கிறார்கள்?

ஹரிஹரனைக் கூப்பிட்டாள்.

"பழைய ஃபைல் எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க சார்."

"மேடம், அதெல்லாம் ஒப்புதலாகி மூடியாச்சு."

"மூடினா இன்னா? தெறங்க. எல்லா இடத்துலயும் 'பையன்கள்'னு எழுதி வச்சிருக்கேன். அதுல யாரு இயக்கம், யாரு சொந்தப் புள்ளன்னு படிக்கறவங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவன் பெருமூச்சு விட்டான். அன்று சாயந்திரம் அனுப்பினான்.

வெண்ணிலா ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலவற்றில் சந்தேகமே இல்லை, அவர்கள் இயக்கத்துப் பையன்கள். அப்படியே குறித்தாள். சிலவற்றில் பெற்ற பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், கியூவில் கஞ்சிக்கு நின்றவர்கள். திருத்தினாள். ஆனால் சிலவற்றில் எத்தனை முறை ஓட்டிக் கேட்டாலும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, பேசியவர்களை மறுபடி கூப்பிட்டுக் கேட்பது. எத்தனை தரம் சாகிறது என்று கேட்ட குரல் அவளுக்குள் இன்னும் ஓய்ந்திருக்கவில்லை. கேட்காமல் விட்டால், எங்கோ ஒரு நாள் யாரோ ஒருவர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர்களின் பிள்ளைகளைப் போராளிகள் என்று எழுதிவிட்டுப் போவார்கள்.

அந்த நாட்களில் அவள் எல்லோர்மேலும் எரிந்து விழுந்தாள். சோற்றில் உப்பில்லை என்ற தனசேகர்மேல், அரைமணிக்கு ஒருதரம் போகிற கரண்ட்மேல், கரண்ட் வந்ததும் ஒரே சத்தமாகக் கத்துகிற ஐஸ் மிஷின்மேல். கடைசியில் வழக்கறிஞருக்கே நேராக எழுதினாள். ஹரிஹரன் வழியாக அல்ல. தெரியாத இடங்களை எல்லாம் சேர்த்து அனுப்புகிறேன். கேட்பதானால் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு முறை கேளுங்கள். உங்களுக்கு வேண்டிய எல்லாக் கேள்விகளையும் முன்கூட்டியே தயார் செய்துகொண்டு கேளுங்கள். அவர்கள் மறுத்தால் விட்டுவிடுங்கள். மறுத்தார்கள் என்றும், 'பெடியள்' என்ற சொல்லைவைத்து முடிவு செய்ய முடியாது என்றும் எழுதுங்கள். நடுவில் பேச என்னைத் தவிர வேறு புது ஆளை விடாதீர்கள்.

கடைசி வரியைக் கொஞ்சம் திமிராக எழுதிவிட்டோமோ என்று தோன்றியது. அழிக்காமல் அனுப்பினாள்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு ஒரு வரி வந்தது. ஒப்புக்கொள்கிறேன், முதலில் யாரோடு பேசலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வெண்ணிலா மாடியில் உட்கார்ந்து ஒரு பதிவைத் திறந்தாள். வயதான பெண் குரல், இருமல் நடுநடுவே. பெடியள் என்ற சொல் வந்ததும் நிறுத்தி, பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். கீழேயிருந்து ஜமுனா கத்தினாள்:

"ஏம்மே, அந்த லோன்காரங்கள இன்னும் எத்தினி நாளைக்குத்தான் பேசிங்கிருப்ப? எறால் உரிக்க ஆளில்ல, எறங்கி வா."

"வரேன் அண்ணி. இவங்க பேசி முடிக்கட்டும்."

"யாரு பேசி முடிக்கட்டும்?"

வெண்ணிலா ஹெட்செட்டைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த வயதான அம்மாவின் இருமல் அடங்கக் காத்திருந்தாள்.